நெடும்பயணம் போய் வந்தவர் மாறிவிட்டார் என்று யார் சொல்ல வேண்டும்?

குடமுருட்டிக் கரை (பாபநாசம்)

எங்கள் பக்கத்தில் ஒருவரை "நாலு ஊர் பார்த்தவர்" என்று சொன்னால் அது பெரிய பாராட்டு. ஊர்க் கூட்டத்தில் அவருக்கு முன்வரிசையில் இடம் கிடைக்கும், அவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள். அலைச்சலும் ஆபத்தும் நிறைந்த நெடும்பயணம் ஒரு மனிதனின் குணத்தையே மாற்றிவிடுகிறது என்ற நம்பிக்கை இதற்கு அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை என்பதை இங்கே நிதானமாகப் பேசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பயணத்தால் அறிவு விரியும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. கோபக்காரர் பொறுமைசாலி ஆவாரா, கை இறுகியவர் கொடுக்கத் தொடங்குவாரா, பயந்த சுபாவம் உள்ளவர் நிமிர்ந்து நிற்பாரா என்பதே என் கேள்வி.

என் மனத்தில் இருக்கும் உதாரணம் நம் மண்ணில் நடந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சித்திரை வெயிலில் சுமார் 240 கிலோமீட்டர் நடந்து, ஏப்ரல் 28 அன்று வேதாரணியம் சேர்ந்து, 30 அன்று சட்டத்தை மீறி உப்பு அள்ளினார்கள். அப்போது தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்த தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார். கும்பகோணத்தில் இடம் கொடுத்த பந்துலு ஐயர் அதற்காகச் சிறைக்குப் போனார். அதற்குப் பிறகும் வழியிலிருந்த மக்கள் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுப் போனார்கள். கட்டியவர் யார் என்று காவலருக்கும் தெரியாது, பசியாறியவருக்கும் தெரியாது.

முகம் தெரியாத ஒருவர் சிறைக்குத் துணிந்து கட்டி வைத்த பொட்டலத்தை மரத்திலிருந்து அவிழ்த்துச் சாப்பிட்ட மனிதர், அதன் பிறகு தன் வீட்டுத் திண்ணையில் பசியோடு வந்து உட்காருபவரை முன்பு பார்த்தது போலவே பார்த்திருப்பாரா? பார்த்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். தூரமும் ஆபத்தும் எவ்வளவு இருந்தாலும், அடுத்த வேளைக்குப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிலை வந்தால்தான் பயணம் குணத்தைத் தொடுகிறது என்பது என் எண்ணம். போய் வந்தவர்களும், அவர்களோடு வாழ்பவர்களும் தங்கள் கருத்தை எழுதுங்கள்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

ஐயா, உங்கள் கேள்வியை மதிக்கிறேன், உதாரணத்தை ஏற்கத் தயங்குகிறேன். வேதாரணியம் போனவர்கள் தாங்களாக முன்வந்து, கட்டுப்பாட்டுக்கு ஒப்புக்கொண்டு, சிறை நிச்சயம் என்று தெரிந்தே நடந்தவர்கள். வீட்டு வாசலைத் தாண்டும்போதே அவர்கள் வேறு மனிதர்களாகியிருந்தார்கள். அந்த நடை அவர்களை ஊருக்குக் காட்டியது, உருவாக்கவில்லை.

விரும்பாமல் நடந்த ஒரு பயணத்தைச் சொல்கிறேன். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்து வந்த மாதங்களில், கப்பலில் இடம் கிடைக்காத பல லட்சம் இந்தியர்கள் கால்நடையாகவே தாயகம் நோக்கிக் கிளம்பினார்கள். அரக்கான் வழியாகச் சிட்டகாங்குக்குப் போனவர்கள் உண்டு, தாமு வழியாக மணிப்பூருக்குள் வந்தவர்கள் உண்டு. வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் பல்லாயிரம் பேரை வழியிலேயே கொண்டு போயின. அந்த நிலையிலும் வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு வேறு பாதை என்று பிரித்து வைத்திருந்தார்கள்.

என் தாத்தா ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். தம்பியோடு கிளம்பினார், தனியாக வந்து சேர்ந்தார். அதற்கு முன்பு அவர் வாய் ஓயாமல் பேசுவார், யார் வந்தாலும் பந்தியில் உட்கார வைத்துவிடுவார் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். திரும்பி வந்த பிறகு பத்தாயத்துச் சாவியை அரைஞாண் கயிற்றிலேயே முடிந்து வைத்திருந்தார். இரவு படுக்கும் முன் தானே போய்ப் பத்தாயத்தின் பலகையைத் தட்டிப் பார்ப்பார். எந்த மட்டத்தில் ஓசை மாறுகிறதோ அதுவரை நெல் இருக்கிறது என்று அவருக்குக் கணக்கு. மறுநாள் அந்த மட்டம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் வீட்டில் எல்லோரிடமும் விசாரணை நடக்கும். பாட்டி ஒரு படி நெல்லைக்கூடத் தன் விருப்பத்துக்கு யாருக்கும் கொடுத்ததில்லை. அவர் கடைசி வரை அப்படித்தான் இருந்தார்.

அவரும் பிறர் கையை எதிர்பார்த்துத்தான் மலை கடந்து வந்தார், அதுவும் மாதக்கணக்கில். உங்கள் வாதப்படி அவர் வள்ளலாகத் திரும்பியிருக்க வேண்டும். பயணம் மனிதனை மாற்றும் என்பதை நான் மறுக்கவில்லை. அது நல்ல பக்கமாகத்தான் மாற்றும் என்று நாமாக எடுத்துக்கொள்கிறோமே, அதை மறுக்கிறேன்.

பூம்புகார்ச் சாலை (மயிலாடுதுறை)

இந்த வட்டாரத்தில் நடைப்பயணத்தைப் பற்றிப் பேசினால் கோவலனையும் கண்ணகியையும் விட்டுவிட முடியாது. நான் பள்ளியில் தமிழ் கற்பிப்பவன். வழக்குரை காதையை மனப்பாடம் செய்யும் அளவுக்கு நாடுகாண் காதையை மாணவர்கள் படிப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

புகாரிலிருந்து விடியும் முன் இருவரும் வெளியேறுகிறார்கள். சிறிது தூரம் நடந்ததுமே மூச்சு வாங்க, மதுரை எங்கே இருக்கிறது என்று கண்ணகி கேட்கிறாள். முப்பது காதத் தொலைவைக் கோவலன் அருகில்தான் என்பது போலச் சொல்லிச் சிரிக்கிறான். வழித்துணையாகச் சேர்ந்துகொண்ட கவுந்தியடிகள் அவர்களுக்குக் காட்டிலுள்ள புலியைப் பற்றி எச்சரிப்பதற்கு முன் நம் வயல்வெளியைப் பற்றி எச்சரிக்கிறார். நீர் மோதும் கரையில் கவனமில்லாமல் கால் வைத்தால் நண்டும் நத்தையும் மிதிபட்டுவிடும், அந்தப் பாவம் தாங்க முடியாதது என்கிறார். இன்றும் நடவுக்கு முந்திய வாரத்தில் எந்த வரப்பில் நடந்தாலும் அந்த நண்டுகளைப் பார்க்கலாம். ஆபத்து வெளியிலிருந்து வருவதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்த இருவரிடம், உங்கள் காலாலும் ஓர் உயிருக்கு ஆபத்து உண்டு என்று ஒருவர் சொல்கிறார். குணத்துக்கான பாடம் அங்கே தொடங்குகிறது என்று வகுப்பில் சொல்வேன்.

வழியில் இருவர் கண்ணகியையும் கோவலனையும் இழிவாகப் பேசியபோது, துறவியான கவுந்தியே சினந்து அவர்களை நரிகளாகும்படி சபிக்கிறார். இழிவுக்கு ஆளானவர்கள்தான் அறியாமையால் பேசினார்கள் என்று அவர்களுக்காக வேண்டிக்கொள்கிறார்கள், சாபம் பன்னிரண்டு மாதம் என்று வரையறுக்கப்படுகிறது. நீண்ட வழி தவம் செய்தவரையும் சோதிக்கிறது, அடிபட்டவரிடம் இரக்கத்தையும் வெளிக்கொணர்கிறது. வெண்ணாற்றங்கரை ஐயா சொல்லும் இரு பக்கமும் அந்த ஒரே காட்சியில் இருக்கின்றன.

கோவலனிடம் மாற்றம் வருவது மதுரைக்கு வெளியே. மாதவி எழுதிய ஓலையைக் கௌசிகன் கொண்டுவந்து தருகிறான். புகாரில் ஒரு பாட்டைக் கேட்டு அவள் மீது பழி சுமத்திப் பிரிந்து வந்தவன், அவளிடம் குற்றம் இல்லை, குற்றம் தன்னுடையதே என்று அங்கே உணர்கிறான். பிறகு அதே ஓலையைத் தன் பெற்றோருக்கு அனுப்பி வைக்கிறான். ஊரில் செல்வத்தோடு இருந்த காலத்தில் அவனுக்கு வராத தெளிவு, காலில் புழுதியோடு நின்றபோது வந்தது.

குடமுருட்டிக் கரை

இருவருக்கும் நன்றி. வெண்ணாற்றங்கரை ஐயா எழுதியதை மூன்று முறை படித்தேன். தாமாக ஏற்ற பயணத்தையும் தலையில் விழுந்த பயணத்தையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பதை ஏற்கிறேன். துணைக்கு வந்தவரை வழியில் பறிகொடுத்தவரிடம் தாராளத்தை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

அவர் பதிவில் இன்னொன்றும் இருக்கிறது. தாத்தா மாறியதைத் தாத்தா சொல்லவில்லை, பாட்டி சொல்லியிருக்கிறார். பத்தாயத்தின் நெல் மட்டத்துக்குப் பதில் சொல்லி வாழ்ந்தவர் அவர். பயணம் போய் வந்தவர் "நான் ஆளே மாறிவிட்டேன்" என்று சொல்வதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாமா, அல்லது உடன் வாழ்பவரிடம்தான் கேட்க வேண்டுமா? எனக்கு இரண்டாவதுதான் சரி என்று தோன்றுகிறது. குணம் என்பது பிறர் மீது படுவது. அது மாறியதா என்பது படுபவருக்குத்தான் முதலில் தெரியும்.

இரண்டு சக்கரம் (கும்பகோணம்)

வணக்கம் அண்ணா. நான் நண்பர்களோடு பைக்கில் லடாக் வரை போய் வந்தவன். பெரியவர்கள் சோற்றையும் துணையையும் பற்றிப் பேசினீர்கள், நான் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். மேடு என்றால் பாலத்தின் ஏற்றம்தான் என்று வளர்ந்த டெல்டாக்காரனுக்கு அந்தக் காற்று என்ன செய்யும் என்று போனால்தான் தெரியும். கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்பார்க் பிளக்கைத் திருகுவதற்குள் மூச்சு இரைக்கிறது. சத்தம் போட்டால் தலை வலிக்கிறது. நண்பனோடு வழி முழுவதும் சண்டை போட்டுக்கொண்டு வந்த நான் அங்கே அவனிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை, ஏனென்றால் பேசுவதற்கு மூச்சு இல்லை. கோபப்படாமலும் ஒரு வேலையை முடிக்கலாம் என்று என் உடம்புக்கு அங்கேதான் தெரிந்தது. அந்த நிதானம் இன்னும் என்னிடம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பயணத்தில் கஷ்டம் இருக்க வேண்டும், சொகுசாகப் போய் வந்தால் எதுவும் ஒட்டாது என்பது என் அபிப்பிராயம்.

வெண்ணாற்றங்கரை

தம்பி, நீங்கள் எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் குடமுருட்டிக் கரை ஐயா வைத்த அளவுகோல்படி, உங்கள் நிதானத்துக்கு நீங்களே சாட்சி சொல்ல முடியாது. உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

கடைமடை (திருத்துறைப்பூண்டி)

நான் போனவள் அல்ல, போய் வந்தவரின் வீட்டில் இருப்பவள். அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

என் கணவர் தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை ஆற்றை ஒட்டிச் சைக்கிளில் வந்தவர். எண்ணூறு கிலோமீட்டருக்குக் குறையாது. குடகு மலை இறக்கம், கிருஷ்ணராஜசாகர், மாண்டியா கரும்புத் தோட்டங்கள், சிவசமுத்திரம், ஒகேனக்கல், மேட்டூர், பவானி, முக்கொம்பு, கல்லணை என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கும் அந்த வழி பாடமாகிவிட்டது. 2002-இல் நீருக்காக இரு மாநிலங்களும் கொதித்த பிறகு, 2003-இல் இங்குள்ள உழவர்களும் கர்நாடக உழவர்களும் சேர்ந்து "காவிரிக் குடும்பம்" என்ற அமைப்பைத் தொடங்கி, ஒருவர் ஊருக்கு மற்றவர் போய் வயல்களைப் பார்த்தார்கள். அதைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டதில்தான் இவருக்கு இந்த எண்ணம் வந்தது. வழக்கை அந்தச் சந்திப்புகள் முடித்துவிடவில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்ன பிறகும் ஒவ்வொரு குறுவைக்கும் நாங்கள் மேட்டூர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நமக்குரிய தண்ணீரைக் கேட்பதில் என் கணவர் இன்றும் ஓர் அடி பின்வாங்க மாட்டார். ஆனால் மாண்டியாவில் ஒருவர் வீட்டில் இரவு தங்கி, கேழ்வரகுக் களி சாப்பிட்டு, காய்ந்து கிடந்த அவருடைய கிணற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்த பிறகு, "அந்த ஊர்க்காரன்" என்று மொத்தமாகத் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

இதையெல்லாம் அவர் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஊரெல்லாம் கேட்கச் சொல்லும் பேச்சில் யாரும் நல்லவராகத் தெரிவார்கள். புரட்டாசியில் சம்பா நடவுக்கு முறைத் தண்ணீர் வந்தபோதுதான் கவனித்தேன். எங்கள் வயலுக்குக் கீழே ஒரு பெரியவருக்கு ஒன்றரை மா நிலம் இருக்கிறது. எங்கள் முறை நள்ளிரவில் முடிந்தால், விடிந்த பிறகுதான் மடையைத் திறப்பது வழக்கம். அதுவரை வரும் தண்ணீர் எங்கள் வயலிலேயே கூடுதலாக நிற்கும், யாரும் அதைத் தப்பென்று சொல்வதில்லை. அந்த ஆண்டு என் கணவர் இரவில் எழுந்து போய், வைக்கோலும் சேறும் வைத்து அடைத்திருந்த மடைவாயை மண்வெட்டியால் எடுத்துவிட்டு, அந்தப் பெரியவரின் வீடு வரை நடந்து போய் எழுப்பிச் சொல்லிவிட்டு வந்தார். என்னிடம்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. காலையில் திண்ணை ஓரத்தில் சேற்றோடு சாத்தியிருந்த மண்வெட்டியைப் பார்த்துத்தான் கேட்டேன். அன்று தொடங்கி இன்றுவரை அந்த வழக்கம் மாறவில்லை.

மேல்மடைக்காரரிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோமோ அதை நம் கீழ்மடைக்காரருக்குச் செய்கிறோமா என்ற கேள்வி அவருக்கு எண்ணூறு கிலோமீட்டர் தூரத்தில் கிடைத்திருக்கிறது, பதில் எங்கள் கிளை வாய்க்காலில் நடந்தது. அதனால் மாறினார் என்று நான் சாட்சி சொல்வேன். மகன் மதிப்பெண் குறைந்து வந்தால் குரல் உயர்த்துவது மட்டும் அப்படியேதான் இருக்கிறது. ஒரு பயணம் ஒரு மனிதனை முழுக்கக் கரைத்து வார்த்துவிடும் என்று நான் நம்பவில்லை. எங்கே தொட்டதோ அங்கே மாறுகிறார்.

கரந்தை (தஞ்சாவூர்)

கடைமடை அக்கா எழுதியது போல எங்கே தொட்டதோ அங்கே என்பது என் அனுபவத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் இதுவரை பேசிய பயணங்களில் நடந்த பெண்கள் கண்ணகியும் கவுந்தியடிகளும் மட்டும்தான், கண்ணகியைப் பற்றிப் பேசியவரும் கோவலன் மாறியதோடு நிறுத்திவிட்டார். புகாரில் இருந்தவரை கணவன் பொருளைத் தொலைத்துவிட்டு வந்து நின்றபோது, சிலம்பு இருக்கிறது என்று புன்னகையோடு எடுத்துக் கொடுத்தவள் அவள். மதுரையில் இடைச்சேரியில் தன் கையால் சமைத்துப் போட்ட பிறகு, நீங்கள் நடந்துகொண்டது பெரியோர் மதிக்கும் ஒழுக்கம் இல்லை என்று அவன் முகத்துக்கு நேரே முதன்முறையாகச் சொல்கிறாள். அரசவையில் பேசிய குரல் அங்கே தொடங்கிவிட்டது. முப்பது காதம் நடந்த பெண்ணின் குரல் அது.

நான் வேளாங்கண்ணிக்கு நடந்து போனவள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன் எங்கள் தெருவிலிருந்து ஒரு குழு கிளம்பும், சிறிய சப்பரத்தை இழுத்துக்கொண்டு. நாங்கள் வேறு மதம், பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணையாகப் போனேன். பகலில் தார்ச் சாலை காலைச் சுடும் என்பதால் இரவில்தான் அதிக நடை. அம்மாப்பேட்டை வரை பாட்டும் பேச்சுமாகப் போனோம். நீடாமங்கலம் தாண்டியதும் உள்ளங்காலில் கொப்புளம் கிளம்பி, தொடை உரசிப் புண்ணாகி, தேங்காய் எண்ணெய் தடவித் தடவி நடந்தேன். கொரடாச்சேரிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது, அந்த வீட்டுப் பாட்டி ஊசியில் நூல் கோத்து, கொப்புளத்தின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டு வெட்டினார். நீர் நூல் வழியாகத் தானாக வடிந்துவிடும், தோலை மட்டும் உரிக்காதே என்றார். என் காலைத் தம் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு செய்தார். திருமணமாகி வந்த பிறகு என் காலை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை, நான்தான் எல்லோர் காலையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து நான் செய்தது ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டில் ஆண்களும் மாமியாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் உட்காருவது வழக்கம். ஒரு நாள் எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் நாத்தனார் மட்டும் பிறகு தனியாக வந்து, "அண்ணி, நடந்து வந்ததிலிருந்து நீங்கள் வேறு மாதிரி இருக்கிறீர்கள்" என்றாள். பிறர் சாட்சி சொல்ல வேண்டும் என்றால் அவளுடைய சாட்சி இருக்கிறது.

இங்கே எல்லோரும் பொறுமை, நிதானம், ஈகை என்று எழுதுகிறீர்கள். ஏற்கெனவே வேண்டிய மட்டும் பொறுமையாக இருப்பவளுக்குப் பயணம் அதற்கு எதிரானதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பூம்புகார்ச் சாலை

கரந்தை அம்மா சொன்னது முற்றிலும் சரி. அந்தப் பகுதியை இனி வகுப்பில் கட்டாயம் சேர்த்துச் சொல்வேன். கோவலனின் ஒப்புதலும் கண்ணகியின் அந்த வார்த்தையும் சில காதைகள் இடைவெளியில் வருவதையும் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும்.

அக்கரைப்பேட்டை (நாகப்பட்டினம்)

நாங்கள் தங்குகடலுக்குப் போகிறவர்கள். பனிக்கட்டியும் டீசலும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போனால் கரை திரும்பப் பல நாட்கள் ஆகும். எங்களைவிட ஆபத்தான பயணம் யாருக்கும் அடிக்கடி வாய்ப்பதில்லை என்று துணிந்து சொல்லலாம்.

படகில் ஏறிவிட்டால் கரையில் பேசிக்கொள்ளாத இருவர் ஒரே சட்டியில் சாப்பிடுவார்கள். ஐப்பசிக் காற்றில் வலை சிக்கிக்கொண்டால் யார் வீட்டோடு யாருக்குப் பகை என்று எவரும் பார்ப்பதில்லை, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் இழுக்க வேண்டும். அப்போது பார்த்தால் எல்லோருமே மாறிய மனிதர்கள். துறைமுகத்தில் இறங்கி, மீன் ஏலம் முடிந்து, பங்கு பிரித்துக் கொடுத்த அன்று மாலையே அந்த இருவரும் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். கரையில் கடன் இருக்கிறது, பங்காளிச் சண்டை இருக்கிறது, சாராயம் இருக்கிறது. நாங்கள் இறங்கும்போது அவை எல்லாம் அங்கேயே காத்துக்கொண்டிருக்கின்றன.

முதன்முதலாகக் கடலுக்கு வரும் பையன் ஒரே நடையில் பெரிய மனிதன் ஆவதையும் பார்த்திருக்கிறேன், அதை மறுக்கவில்லை. அதுவே தொழிலாகிவிட்டால் கடல் எங்களை மாற்றுவதில்லை. திரும்பி வரும் இடத்திலும் ஏதாவது மாற இடம் இருந்தால்தான் போய் வந்தது நிலைக்கும். கடைமடை அம்மாவின் வீட்டுக்காரருக்கு அந்த மடை இருந்தது.

வெண்ணாற்றங்கரை

அக்கரைப்பேட்டைக்காரர் எழுதியது எனக்கு ஒரு விளக்கம் தருகிறது. தாத்தா வந்து இறங்கிய இடமும் நல்ல கரையாக இருக்கவில்லை. ரங்கூனில் சேர்த்தது எல்லாம் போய்விட்டது, ஊரில் பங்கு நிலத்தை உறவினர் உழுதுகொண்டிருந்தார், தம்பியை ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்பதற்கு அவருடைய தாயார் உயிரோடு இருந்தார். வழியில் பெற்ற உதவியை யாரிடமாவது திருப்பிச் செய்ய அவருக்கு மனம் இருந்திருந்தாலும் கையில் ஒன்றும் இல்லை. பத்தாயம் நிரம்பத் தொடங்கிய காலத்தில் பழக்கம் இறுகிவிட்டது.

ஆனாலும் குடமுருட்டிக் கரை ஐயாவிடம் ஒன்றை வற்புறுத்தியே ஆக வேண்டும். உடன் வாழ்பவர்தான் சாட்சி என்று நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அந்தச் சாட்சிக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பாட்டி பர்மாவைக் கண்ணால் பார்த்ததில்லை. தாமு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பயணத்தின் மிச்சத்தோடு தாத்தா இறக்கும் வரை குடும்பம் நடத்தியவர் அவர். நெடும்பயணத்தைப் பற்றிய பெருமைப் பேச்சுகளில் இப்படிப்பட்டவர்களுக்கு இடமே இருப்பதில்லை என்பதால்தான் முதலிலேயே மறுத்து எழுதினேன்.

குடமுருட்டிக் கரை

எழுத வேண்டும், ஐயா. உங்கள் பாட்டியையும் நான் இனி பயணம் போனவர்களின் வரிசையில்தான் வைப்பேன்.

அதே நியாயம் வேதாரணியத்துக்கும் பொருந்தும். நான் நடந்த நூறு பேரைப் பற்றி மட்டும் எழுதினேன். அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், கிளம்பும்போதே மாறியிருந்தார்கள் என்று நீங்கள் சொன்னது இருக்கட்டும். பொட்டலம் கட்டியவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்கள் பயிற்சி பெறவில்லை, ஓர் அடியும் பயணம் போகவில்லை. நேற்று வரை ஆட்சியர் பெயரைக் கேட்டால் எழுந்து நின்றிருக்கக்கூடிய ஒரு குடும்பம், தன் வாசல் வழியாக ஒரு பயணம் போகிறது என்பதற்காக இருட்டில் சோறு கட்டி மரத்தில் தொங்கவிட்டது. பயணம் குணத்தை மாற்றியதற்கு நடந்தவர்களைவிட இவர்களே வலுவான சான்று என்று இப்போது நினைக்கிறேன். கொரடாச்சேரிப் பாட்டியைப் போல வழியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் எத்தனை பேர் கால்களைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள், அது அவர்களை என்ன செய்கிறது என்பதும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இரண்டு சக்கரம்

வெண்ணாற்றங்கரை ஐயா சொன்னபடி அம்மாவிடம் கேட்டேன். கோபம் குறைந்திருக்கிறதா என்று கேட்டதற்கு, அப்படி ஒன்றும் தெரியவில்லை என்றார். வண்டி வேகமும் குறையவில்லை என்றார்.

பிறகு அவராகவே ஒன்று சொன்னார். முன்பு நான் வெளியே கிளம்பினால் எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்வதில்லையாம், கேட்டால் எரிச்சல்படுவேனாம். இப்போது கேட்காமலேயே சொல்கிறேனாம், நேரமானால் போன் செய்கிறேனாம். மணாலி தாண்டிய பிறகு சிக்னல் இல்லாமல் போய், லே வந்து சேர்ந்துதான் வீட்டுக்கு என்னால் பேச முடிந்தது. அன்று அம்மா போனை எடுத்தார், ஆனால் பேச்சு வரவில்லை, அப்பா வாங்கிப் பேசினார். கணவாயின் உயரத்தைப் பற்றி எழுதிய நான் அதை இங்கே எழுத வேண்டும் என்று நினைக்கவே இல்லை.